சங்கீதங்களைத் துதி ஆராதனைக்கு வழிகாட்டியாக வாசிப்பது எப்படி?

பாட்டுக்காரத்தம்பி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்குப் பாடல்களைத் தேர்ந்தெடுத்து நடத்துகிற பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பாட்டு வரும், கீபோர்டும் ஓரளவுக்கு வரும். ஆனால் ஆராதனையில் எது முன்னால் வரவேண்டும், எது பின்னால், ஏன் என்று யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. வேகமான பாட்டில் ஆரம்பித்து மெதுவான பாட்டில் முடிப்பது என்ற ஒரு வழக்கம் மட்டும் கைக்கு வந்திருக்கிறது.

துதி என்றால் என்ன என்று சங்கீதப் புத்தகத்திடமே கேள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சரி என்று முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். 3-ம் சங்கீதத்திலேயே சத்துருக்கள் வந்துவிட்டார்கள். 6-ல் படுக்கை கண்ணீரில் நனைகிறது. 10-ல் "கர்த்தாவே, ஏன் தூரத்தில் நிற்கிறீர்?" என்று கேள்வி. துதியைத் தேடிப் போனால் புலம்பல்தான் அதிகமாகக் கிடைக்கிறது.

என் கேள்வி இதுதான். 95, 100, 103, 150 மாதிரி பத்துப் பதினைந்து சங்கீதங்களை ஆராதனைக்கு எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் தனி ஜெபத்துக்கு என்று விட்டுவிடலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

எளிய_விசுவாசி எழுதியது:

தாராளமாக விடலாம், தம்பி. நீங்கள் சொன்ன நான்கோடு 34, 96, 98, 145 சேர்த்துக்கொள்ளுங்கள், வருஷம் முழுக்கப் போதும். ஆராதனைக்கு வருகிறவர்கள் வாரம் முழுக்கப் பாரம் சுமந்து களைத்து வருகிறார்கள். அங்கேயும் புலம்பலா? "அவர் வாசல்களில் துதியோடும், அவர் பிராகாரங்களில் புகழ்ச்சியோடும் பிரவேசித்து" என்று 100-ம் சங்கீதம் தெளிவாகச் சொல்கிறது. அழுகையோடு பிரவேசியுங்கள் என்று சொல்லவில்லையே.

ஆசாப்_வாசகன் எழுதியது:

எளிய_விசுவாசி அவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் நான் வேறு மாதிரி பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புத்தகத்தின் அமைப்பைப் பாருங்கள். 150 சங்கீதங்கள், ஐந்து பாகங்கள்: 1–41, 42–72, 73–89, 90–106, 107–150. முதல் நான்கு பாகங்களும் ஒரு ஸ்தோத்திரத்தோடு முடிகின்றன. 41:13, 72:18-19, 89:52, 106:48 நான்கையும் எடுத்து அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். கடைசி ஐந்து சங்கீதங்கள், 146 முதல் 150 வரை, ஒவ்வொன்றும் அல்லேலூயாவில் தொடங்கி அல்லேலூயாவில் முடிகிறது. அப்படியானால் புத்தகம் மொத்தமும் துதியை நோக்கித்தான் நடக்கிறது. நடக்கிற பாதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். இந்தப் புலம்பல்களையும் சேர்த்துத்தான் எபிரெயர்கள் இந்தத் தொகுப்புக்கே "துதிகள்" என்று பேர் வைத்தார்கள்.

89-ம் சங்கீதத்தைக் கவனியுங்கள். தாவீதுக்குக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று, ஆண்டவரே என்று கேட்டு, பதில் எதுவும் வராமல் நிற்கிறது. அதற்கு அடுத்த வரியிலேயே "கர்த்தருக்கு என்றென்றைக்கும் ஸ்தோத்திரமுண்டாவதாக. ஆமென், ஆமென்." தொகுத்தவர்கள் அந்தக் கேள்வியை அழித்துவிட்டு ஆமென் போடவில்லை. கேள்வி அங்கேயே இருக்கிறது.

அடுத்து, துதி என்பது சங்கீதத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க 117-ஐ எடுங்கள். இருப்பதிலேயே சின்னது, இரண்டே வசனம். "ஜாதிகளே, எல்லாரும் கர்த்தரைத் துதியுங்கள்" என்று அழைப்பு. "அவர் நம்மேல் வைத்த கிருபை பெரியது" என்று காரணம். மறுபடியும் அல்லேலூயா. அழைப்பு, காரணம், அவ்வளவுதான். பெரிய துதிச் சங்கீதங்கள் எல்லாம் இதையே விரித்து எழுதியவை. 136-ல் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று 26 தடவை வருகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் ஒரு காரணம் புதிதாக வந்து நிற்கிறது: வானத்தை உண்டாக்கினார், செங்கடலைப் பிரித்தார், வனாந்தரத்தில் நடத்தினார், கடைசியில் மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறார். பல்லவி அதேதான், அதைச் சொல்ல வைக்கிற சம்பவம்தான் மாறிக்கொண்டே போகிறது.

தம்பி, நீங்கள் தேர்ந்தெடுக்கிற பாடல்களில் இதை ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். "துதிப்போம், துதிப்போம்" என்று மட்டும் சொல்லி, எதற்காக என்று சொல்லாத பாட்டு எத்தனை இருக்கிறது? கர்த்தர் யார், என்ன செய்தார் என்று பாட்டு சொல்லாவிட்டால், அந்த வெற்றிடத்தை மேளச் சத்தத்தால் நிரப்பவேண்டி வரும்.

எளிய_விசுவாசி எழுதியது:

காரணம் சொல்லித் துதிக்கவேண்டும் என்பதில் எனக்குச் சம்மதம். அழகாகச் சொன்னீர்கள், சகோதரரே. ஆனால் புலம்பலைச் சபை நடுவில் கொண்டுவருவது வேறு விஷயம். விசுவாசத்தில் சின்னப் பிள்ளைகளாக இருக்கிறவர்கள் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சத்தமாகப் பாடினால் மனம் சோர்ந்துபோகாதா? தனியாக, அறையில் கதவைப் பூட்டி ஜெபிக்கும்போது தாவீது அப்படி அழுதிருக்கலாம். அதைச் சபைக்கு இழுத்துக்கொண்டு வரவேண்டுமா?

மூத்த_ஊழியன் எழுதியது:

அன்புச் சகோதரருக்கு ஸ்தோத்திரம். அந்த அழுகை தனி அறையோடு நிற்கவில்லை என்பதற்குப் புத்தகத்திலேயே ஆதாரம் இருக்கிறது. தலைப்புகளைப் பாருங்கள். நாம் பெரும்பாலும் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறோம். "இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட" என்று 55 சங்கீதங்களுக்குத் தலைப்பு உண்டு. அந்தப் பட்டியலில் "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்கிற 13 இருக்கிறது. "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்கிற 22 இருக்கிறது. தாவீதின் பாவ அறிக்கையான 51 இருக்கிறது. இருளிலே முடிகிற 88-ம் இருக்கிறது. தனி மனுஷனின் கண்ணீரைப் பாடகர்குழுத் தலைவன் கையில் கொடுத்து, இதை எல்லாரும் பாடட்டும் என்றார்கள்.

88-ஐப் பற்றி ஒரு வார்த்தை. அந்தச் சங்கீதத்தில் திருப்பம் கிடையாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துவிடுகிறது. ஊழியத்தில் எத்தனையோ வீடுகளில் சாவுக்குப் பிறகு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அடுத்த ஞாயிறு கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறாள். நாம் மேடையிலிருந்து "எல்லாரும் கைகளைத் தட்டி ஆனந்தமாய்" என்கிறோம். அவள் உதடு அசையாது. தனக்கு விசுவாசம் இல்லையோ என்று அவள் தன்னையே நொந்துகொள்வாள். அவளுக்கென்று தேவன் வேதத்தில் ஒரு சங்கீதத்தையே வைத்திருக்கும்போது, நாம் ஏன் அதை அவளிடமிருந்து மறைக்கவேண்டும்? சின்ன விசுவாசிகள் சோர்ந்துபோவது புலம்பலைக் கேட்டு அல்ல என்பதே என் அனுபவம். தன் துக்கத்துக்குச் சபையில் இடமில்லை என்று தெரிந்தபின்தான் அவர்கள் சோர்ந்துபோகிறார்கள், அப்புறம் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

திருப்பாடல்_செபிப்பவள் எழுதியது:

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒரு சின்னப் பகிர்வு. நாங்கள் இவற்றைத் திருப்பாடல்கள் என்போம். (பழைய இலத்தீன் வரிசையில் பல திருப்பாடல்களுக்கு எண் ஒன்று குறைவாக இருக்கும். உங்கள் 51 அங்கே 50. பழைய புத்தகங்களைப் புரட்டுகிறவர்கள் குழம்பவேண்டாம்.)

திருச்சபையின் வேளைச் செபத்தில் (நாளின் குறித்த வேளைகளில் சொல்கிற பொதுச் செபம்) திருப்பாடல்கள் நான்கு வாரச் சுற்றாக வருகின்றன. புனித பெனடிக்டின் துறவற ஒழுங்கில் ஒரே வாரத்துக்குள் 150-ம் முடிய வேண்டும். ஆங்கிலிக்கன் சபையாரின் பொது செபப் புத்தகத்தில் காலை மாலை என்று பிரித்து மாதத்துக்கு ஒரு சுற்று. கால அளவு வேறுவேறு, ஆனால் மூன்றிலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது: இன்றைக்கு எந்தத் திருப்பாடல் என்பதை நான் தேர்ந்தெடுப்பதில்லை. அது வரிசைப்படி வந்து நிற்கும்.

இதனால் என்ன ஆகிறது என்றால், நான் சந்தோஷமாக இருக்கிற காலையில் புலம்பல் வரும். மனம் உடைந்த மாலையில் 'அல்லேலூயா' வரும். ஆரம்பத்தில் இது பொருந்தாத சட்டை போல உறுத்தும். அப்புறம் புரிந்தது. என் சந்தோஷமான காலையில் வருகிற புலம்பலை, அதைச் சொல்ல இப்போது வாயில்லாத யாரோ ஒருவருக்காகச் சொல்கிறேன். என் துக்க மாலையில் எனக்குப் பதிலாக வேறு யாரோ 'அல்லேலூயா' சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். புனித அகுஸ்தீன் திருப்பாடல்களை விளக்கும்போது, தலையாகிய கிறிஸ்துவும் அவருடைய உடலாகிய திருச்சபையும் ஒரே குரலில் பேசுவதாகச் சொல்வார். உடலில் ஒரு உறுப்புக்கு வலித்தால் வாய்தானே கத்துகிறது.

வேதமாணவன் எழுதியது:

நல்ல இழை. ஆனால் எல்லாரும் ஒரு இடத்தைத் தொடாமல் போகிறீர்கள். முழுப் புத்தகமும் ஆராதனைக்கு என்றால் எதிரியைச் சபிக்கிற 109-ஐ என்ன செய்வீர்கள்? பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதுகிறவன் பாக்கியவான் என்கிற 137-ன் கடைசி வசனத்தை ஞாயிற்றுக்கிழமை எப்படி வாசிப்பீர்கள், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது? சகோதரி சொன்ன வேளைச் செபத்திலேயே 1971-ல் வந்த திருத்தத்தில் 58, 83, 109 மூன்றையும் முழுசாக எடுத்துவிட்டார்கள், வேறு சிலவற்றில் வசனங்களை விட்டுவிட்டார்கள். ஆக, வெட்டாமல் யாராலும் முடிவதில்லை.

திருப்பாடல்_செபிப்பவள் எழுதியது:

உண்மைதான். அந்த நீக்கம் சரியா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. கேட்கிறவர்களுக்கு இடறல் வரக்கூடாது என்ற நோக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் விட்டுப்போன அந்த மூன்றைத் தனியே எடுத்துச் செபிப்பது என் வழக்கம்.

ஆசாப்_வாசகன் எழுதியது:

வேதமாணவன் கேட்டது நியாயமான கேள்வி, தவிர்க்கக்கூடாதது.

137-ஐ யார் பேசுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கவேண்டும். "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்." நகரம் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், சிறைபிடித்தவர்களின் முன்னால் பாட்டுப் பாடிக் காட்டும்படி வற்புறுத்தப்பட்டவர்கள். கையில் ஆயுதம் இல்லாத இவர்கள் தங்கள் நெஞ்சில் கொதிக்கிற பழியை எடுத்துத் தேவன் கையில் போட்டுவிடுகிறார்கள். சபிக்கிற சங்கீதங்கள் எல்லாமே ஜெபங்கள். பேசுகிறவர் எழுந்து போய் எதிரியை அடிக்கிறதாக அவற்றில் இல்லை. "பழிவாங்குதல் எனக்குரியது" என்று ரோமர் 12-ல் சொல்லியிருக்கிறதே, அந்தப் பொறுப்பை அவரிடமே ஒப்படைக்கிற வேலை இது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இவை நசுக்கப்பட்டவனின் வாயில் இருக்கவேண்டிய ஜெபங்கள். பலமுள்ளவன், தன் இஷ்டத்துக்கு மறுப்புச் சொன்னவனைக் குறித்து இவற்றை வாசித்தால் அது பயங்கரம். அதிலும் சிலுவையில் தொங்கியவர் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று சொன்ன பிறகு, நாம் இவற்றை அவரைத் தாண்டிப் போய் வாசிக்க முடியாது, அவர் வழியாகத்தான் வாசிக்க முடியும். ஆகவே நடைமுறையில் என் நிலை: 109-ஐயும் 137-ஐயும் பாட்டாகப் பாடமாட்டேன். ஒடுக்கப்படுகிறவர்களுக்காகச் சபை ஜெபிக்கிற நாளில், விளக்கம் சொல்லி, வாசிப்பேன். பிள்ளைகள் இருக்கிற கூடுகையில் வாசிக்கமாட்டேன். இதில் மாற்றுக் கருத்து இருந்தால் மதிக்கிறேன்.

வேதமாணவன் எழுதியது:

விளக்கம் ஏற்கத்தக்கது. 139-ஐப் பற்றியும் இதே நினைப்பு எனக்கு உண்டு. "நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால்" வரைக்கும் எல்லாரும் பாடுகிறோம். 19 முதல் 22 வரை தாண்டிக் குதித்து "என்னை ஆராய்ந்து" என்கிற 23-ல் போய் இறங்குகிறோம். துன்மார்க்கரைப் பகைத்த அதே வாய்தான், சரி, என்னிடமும் வேதனை உண்டாக்கும் வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் என்று கேட்கிறது. இடையிலிருப்பதை எடுத்துவிட்டால் அந்த விண்ணப்பத்தின் கனமே தெரியாது.

சங்கீதமே_போதும் எழுதியது:

இவ்வளவு சொல்கிறீர்கள், அப்படியானால் சங்கீதங்களை மட்டும் பாடினால் என்ன? சீர்திருத்தவாதி கால்வின் காலத்து ஜெனீவாவில் சங்கீதங்களைச் செய்யுளாக்கி, சபையில் இசைக்கருவி இல்லாமல் எல்லாரும் ஒரே குரலாகப் பாடினார்கள். 1562-ல் 150-ம் முடிந்தது. இன்றைக்கும் சில சீர்திருத்த சபைகள் தேவன் தந்த பாட்டுப் புத்தகம் இருக்கும்போது மனுஷர் எழுதினது எதற்கு என்று அந்த ஒழுங்கைப் பிடித்திருக்கின்றன. தேர்ந்தெடுக்கிற தலைவலியே கிடையாது.

ஆசாப்_வாசகன் எழுதியது:

அந்த ஒழுங்கின்மேல் எனக்கு மரியாதை உண்டு. 150 சங்கீதங்களையும் வாய்ப்பாடமாகப் பாடுகிற சபை எவ்வளவு பாக்கியமுள்ளது! ஆனால் "கர்த்தருக்குப் புதுப்பாட்டைப் பாடுங்கள்" என்று சங்கீதமே 96-லும் 98-லும் சொல்கிறதே. கொலோசெயர் 3:16 சங்கீதங்களோடு கீர்த்தனைகளையும் ஞானப்பாட்டுகளையும் சேர்த்துச் சொல்கிறது. இயேசு என்கிற நாமத்தைச் சொல்லி, சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் சொல்லிப் பாடாமல் என்னால் இருக்கமுடியாது. 1719-ல் ஆங்கிலப் பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ் சங்கீதங்களைக் கிறிஸ்துவின் வெளிச்சத்தில் திருப்பி எழுதினதற்கும் இந்த ஏக்கம்தான் காரணம். சங்கீதம் மட்டும் என்று சொல்லமாட்டேன். சங்கீதம் இல்லாமல் ஒரு ஞாயிறும் கூடாது என்று சொல்வேன்.

கருவிகளைப் பற்றி: 150-ல் எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, யாழ், தீங்குழல், கைத்தாளம் என்று ஊதுவது, மீட்டுவது, தட்டுவது எல்லாம் வந்துவிடுகின்றன. 33:3 "வாத்தியங்களை நேர்த்தியாய் வாசியுங்கள்" என்கிறது. ஆகவே, தம்பி, கீபோர்டை நன்றாகப் பழகுங்கள். 1 நாளாகமம் 25-ல் பாட்டுக்கென்று பயிற்சி பெற்றவர்கள் 288 பேர். ஆர்வக்கோளாறை ஆவியின் அபிஷேகம் என்று யாரும் அங்கே சொல்லவில்லை, கற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அகுஸ்தீன் தம் 'அறிக்கைகள்' என்ற நூலில், பாடப்படுகிற பொருளைவிடப் பாட்டின் இனிமை தன்னை அதிகம் அசைத்தபோதெல்லாம் அதைத் தன் பாவமாக எண்ணி வருந்தியதாக எழுதியிருக்கிறார். ஆனாலும் பாட்டே வேண்டாம் என்று முடிக்கவில்லை. பாட்டு நடத்துகிற யாரும் இந்த இழுபறியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

தெபோராள்_நிழல் எழுதியது:

இதுவரை எல்லாரும் பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், பாடுகிற ஆளைப் பற்றிச் சங்கீதம் சொல்வதை யாரும் எடுக்கவில்லை.

"கர்த்தாவே, யார் உம்முடைய கூடாரத்தில் தங்குவான்?" என்று 15-ம் சங்கீதம் கேட்கிறது. ஆராதிக்க வருகிறவனின் தகுதி என்ன என்ற கேள்விதான் இது. பதிலில் பாட்டு இல்லை, கருவி இல்லை, பலி இல்லை. நாவினால் புறங்கூறமாட்டான். ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறமாட்டான். பணத்தை வட்டிக்குக் கொடுக்கமாட்டான். குற்றமில்லாதவனுக்கு விரோதமாய்ப் பரிதானம் வாங்கமாட்டான். அத்தனையும் வாரநாட்களில் நடக்கிற விஷயம்!

50-ல் இன்னும் கடுமை. "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்" என்று கர்த்தர் சொல்கிறார். நம்முடைய ஆராதனை அவருக்கு ஏதோ குறையை நிரப்புகிறது என்ற நினைப்பையே உடைத்துப் போடுகிறார். பிறகு, திருடனோடு ஒருமித்துப்போய், வாயைப் பொல்லாப்புக்குத் திறந்துகொண்டே என் பிரமாணங்களை எடுத்துரைக்க உனக்கு என்ன உரிமை என்று கேட்கிறார். இதை எழுதினதாகத் தலைப்பில் இருப்பது ஆசாப், பாடகர்களின் தலைவன். பாட்டுக்குழுவுக்கு உள்ளேயிருந்தே வந்த எச்சரிக்கை. மேடை ஏறுவதற்கு முன்னால் வாத்தியங்களைச் சுருதி சேர்க்கிற குழு, ஒருவரோடொருவர் மனத்தாங்கல் இருந்தால் அதையும் அப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும். எங்கள் குழுவில் இதை வழக்கமாக வைத்திருக்கிறோம். சில நாள் பயிற்சிக்கு நேரம் குறைந்துபோகும். பரவாயில்லை.

எளிய_விசுவாசி எழுதியது:

சகோதரி சொன்னது நெஞ்சில் தைத்தது. 15-ஐ ஆராதனையின் தொடக்கத்தில் வாசிக்கலாம் என்று படுகிறது.

புலம்பலைப் பற்றி இன்னும் ஒன்று கேட்கிறேன். மூத்த_ஊழியன் ஐயா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஆராதனை புலம்பலிலேயே நின்றுவிடக்கூடாது அல்லவா? துதிக்கு எப்படித் திரும்புவது? மேடையில் நிற்கிறவர் "சரி, இப்போது கவலையை விடுங்கள், பாடலாம்" என்று சொன்னால் அது பொய்யாகத் தெரியும்.

மூத்த_ஊழியன் எழுதியது:

நல்ல கேள்வி. 13-ம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் நான்கு தடவை "எதுவரைக்கும்". அடுத்த இரண்டில் விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடுத்தருளும், என் கண்களைத் தெளிவாக்கும். அப்புறம் ஐந்தாம் வசனத்தில், "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் என்ன நடந்தது? சங்கீதம் சொல்லவில்லை. எதிரி ஓடிப்போனதாக இல்லை, வியாதி நீங்கினதாக இல்லை, வானத்திலிருந்து சத்தம் வந்ததாக இல்லை. நிலைமை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் "எதுவரைக்கும்" என்ற கேள்வியை அவன் கர்த்தருடைய முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டான். அவரை விட்டு விலகிப் போய்ப் புலம்பவில்லை. அவரிடமே முறையிடுகிறவன் அவர் கேட்பார் என்று ஏற்கெனவே நம்புகிறான். அந்த நம்பிக்கைதான் ஐந்தாம் வசனத்தில் வாய்திறக்கிறது.

ஆகவே திரும்புகிற வேலையை நடத்துகிறவர் செய்யவேண்டாம், சகோதரரே. சங்கீதத்தை முழுதாக வாசித்தால் அதுவே சபையைக் கூட்டிக்கொண்டு போகும். 22-ம் அப்படித்தான். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தொடங்கினது 22-ம் வசனத்தில் "சபைநடுவில் உம்மைத் துதிப்பேன்" என்று வருகிறது. அந்த வசனத்தை எபிரெயர் 2:12 இயேசுவின் வாயிலே வைத்துச் சொல்கிறது. சிலுவையில் 22-ன் முதல் வசனத்தைக் கதறினவரே நம் சபை நடுவில் நின்று துதியை நடத்துகிறவர். பாட்டு நடத்துகிற தம்பிமார் எல்லாரும் அவருக்குத் துணையாட்கள், அவ்வளவுதான். இதை நினைத்தால் பாதிப் பயம் போய்விடும்.

திருப்பம் வராத 88-ஐ என்ன செய்வது என்று கேட்டால், அதை அப்படியே முடித்துவிட்டுச் சற்று மௌனமாக இருப்பேன். உடனே உற்சாகப் பாட்டு வைக்கமாட்டேன்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். "இது கர்த்தர் உண்டுபண்ணின நாள், இதிலே களிகூர்ந்து மகிழக்கடவோம்." 118:24. எத்தனை ஞாயிறு இந்த வசனத்தோடு தொடங்கியிருக்கிறோம்! 113 முதல் 118 வரை யூதர்கள் பஸ்கா இரவில் பாடுகிற சங்கீதங்கள், 118 அவற்றில் கடைசி. கடைசி இராப்போஜனம் முடிந்து "ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு" ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு 26:30 சொல்கிறது. அந்தப் பாட்டு இந்தச் சங்கீதங்களாகத்தான் இருந்திருக்கும் என்பது வேத அறிஞர்கள் பலரும் எடுக்கிற முடிவு. அப்படியானால் கெத்செமனேக்குப் புறப்படுவதற்கு முன்னால், ஆகாதென்று தள்ளப்பட்ட கல்லைப் பற்றியும், பலியைப் பலிபீடத்தின் கொம்புகளில் கயிற்றால் கட்டுவதைப் பற்றியும் அவர் பாடினார். "இது கர்த்தர் உண்டுபண்ணின நாள்" என்று அந்த இரவிலேயே பாடினார். அந்த வசனத்தைச் சந்தோஷமாகப் பாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 22-ம் வசனத்தையும் 27-ம் வசனத்தையும் கூட வைத்துப் பாடுங்கள்.

பாட்டுக்காரத்தம்பி எழுதியது:

எல்லாருக்கும் மிகுந்த நன்றி. ஒவ்வொரு பதிலையும் வேதத்தைத் திறந்துவைத்து நிதானமாக வாசித்தேன். பத்துப் பதினைந்தை மட்டும் எடுத்துக்கொள்கிற யோசனையை விட்டுவிட்டேன்.

வருகிற ஞாயிறுக்கு 95-ஐ வைத்து ஒரு ஒழுங்கு போட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள். "கெம்பீரமாய்ப் பாடி" என்கிற முதல் பகுதியை எல்லாரும் நின்று வாசிப்பது, அதைத் தொடர்ந்து தேவன் சிருஷ்டிகர், ராஜா என்று காரணம் சொல்லுகிற இரண்டு பாடல். பிறகு "பணிந்து குனிந்து முழங்காற்படியிடக்கடவோம் வாருங்கள்" என்கிற 6-ம் வசனம். முடிந்தவர்கள் முழங்கால் போட, மெதுவான ஒரு பாடல், பாவ அறிக்கை. பிறகு "இன்று அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில்" என்று 7-ம் வசனத்தின் கடைசியில் நிறுத்தி, பிரசங்கம். சரியா?

ஆசாப்_வாசகன் எழுதியது:

மிக நன்றாக இருக்கிறது. பாடுதல், பணிதல், கேட்டல் என்று 95-ன் வரிசை அப்படியே வந்துவிட்டது. நூற்றாண்டுகளாகக் காலை ஆராதனையை இந்தச் சங்கீதத்தோடு ஆரம்பிப்பதும் இதனால்தான்.

ஒரே ஒரு திருத்தம். "கேட்பீர்களாகில்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "உங்கள் இருதயத்தைக் கடினப்படுத்தாதேயுங்கள்" என்று தொடங்கி, "என்னுடைய இளைப்பாறுதலில் அவர்கள் பிரவேசிப்பதில்லை" என்று முடிகிறது. கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் எபிரெயர் 3-ம் 4-ம் அதிகாரங்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியின்மேல்தான் நிற்கின்றன. அழகாகப் பாடி, முழங்கால் போட்டு, அப்புறமும் கேட்காமல் எழுந்து போகிற ஜனத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது.

தெபோராள்_நிழல் எழுதியது:

சின்னதாக இரண்டு நடைமுறை விஷயம். வசனத்தை மேடையில் இருப்பவர் மட்டும் வாசிக்காமல், சபையை இரண்டு பக்கமாகப் பிரித்து வரிக்கு வரி மாறிமாறி வாசிக்க வையுங்கள். சங்கீதத்தின் ஒவ்வொரு வசனமும் பெரும்பாலும் இரண்டு பாதியாகத்தான் இருக்கிறது, ஒரு பாதி சொன்னதை மறுபாதி எதிரொலிக்கும். அதற்கென்றே செய்தது மாதிரி பொருந்தும். இன்னொன்று, பாட்டுக்கு நடுவில் "இன்னும் சத்தமாக", "கேட்கவில்லையே" என்று சொல்லாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள், சத்தம் தானாக வரும்.

பாட்டுக்காரத்தம்பி எழுதியது:

சரி அக்கா, அப்படியே செய்கிறேன். 95-ஐக் கடைசி வசனம் வரை வாசிக்கிறோம். அதற்கு அடுத்த ஞாயிறு 13-ஐ முழுதாக வைத்துக்கொள்ளலாம் என்று போதகரிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டார். 13-க்கு எளிய ராகம் ஒன்று யாராவது அமைத்திருந்தால் இங்கே பதிவிடுங்கள். முதல் இரண்டு வசனமும் கடைசி இரண்டு வசனமும் ஒரே ராகத்தில் இருக்கலாமா, மாறவேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூத்த_ஊழியன் எழுதியது:

ஒரே ராகமாக இருக்கட்டும், தம்பி. நிலைமை மாறாமல்தானே அவன் பாடினான்.